நின்று நின்று ஓடிய வண்டி

போலீஸ் ஸ்டேஷனில் விடுவித்த பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு கனகலட்சுமி பென்னலூரில் வந்து இறங்கியபோது, மெக்கானிக் ஜெபகுமாரின் முகம் வெளிறிப் போனது. ஒரே வருஷத்தில் மூன்று முறை அவன் பார்த்து, மூன்று முறையும் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்த வண்டி அது.

பின்சக்கரம் நசுங்கிக் கிடந்தது. இன்ஜினில் ஒரு கீறல் இல்லை.

"ரிப்பேர் வேண்டாம்ண்ணே. இது ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிக்குமா, நிக்காதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

புருஷன் வேல்ராஜ் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஒரகடத்தில், கன்டெய்னர் லாரி பின்னாலிருந்து அடித்தது. அவன் தானாகவே நடுரோட்டில் வண்டியை நிறுத்தினான் என்று அங்கிருந்த டீக்கடைக்காரர் சொன்னதாக லாரிக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு சங்கரன்கோவில் பக்கத்தில் அவன் சொந்த ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில் மாமியார் உலகம்மாள் சொல்லிவிட்டாள், காலையில் சிரித்த முகமாக அனுப்பியிருந்தால் என் பிள்ளை லாரிக்கு முன்னால் ஏன் நிற்கப்போகிறான் என்று.

விபத்தன்று காலையில் கனகலட்சுமிக்கும் அவனுக்கும் சண்டைதான். வண்டி மறுபடி விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கிறது, எங்கேயோ ஒருநாள் நின்றுவிடும் போலிருக்கிறது என்றான் அவன். "மெக்கானிக்கே ஒண்ணுமில்லைங்காரு. கோளாறு வண்டியிலயா, ஒங்க மனசுலயா?" என்று கேட்டாள் இவள். அவன் டிபன் பாக்ஸை எடுக்காமலே ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான்.

சாவிக்கொத்திலிருந்து வண்டிச் சாவியை மட்டும் கழற்றி அவள் ஜெபகுமாரிடம் நீட்டினாள். மெக்கானிக்கிடம் வண்டி விடும்போது வேல்ராஜும் அப்படித்தான் செய்வான். வீட்டுச் சாவியும் லாக்கர் சாவியும் அவன் கையில் இருந்தாக வேண்டும்.

ஜெபகுமார் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். இக்னிஷன் காயிலை மாற்றி மாட்டினான். ஒயர் ஒவ்வொன்றையும் அசைத்தான், தண்ணீர் தெளித்தான். சென்டர் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் இன்ஜின் ஒரே சீராக ஓடியது. கடைசியில் அணைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சாவியைத் திருப்பித் தந்தான்.

அப்படியென்றால் மாமியார் சொன்னதுதான் நிஜம். கனகலட்சுமி சாவியைக் கொத்தில் கோத்தாள்.

"இரும்மா," என்றான் ஜெபகுமார். "இவ்ளோ கனத்தையும் இதுலயே மாட்டிக்கினுதான் ஓட்டுவாரா?"

லாக்கர் சாவி, வீட்டுச் சாவி, இரண்டு பூட்டுச் சாவி. அவற்றோடு உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி. ஊர் வீட்டுச் சாவி. மகன் வேலைக்குக் கிளம்பிய அன்று உலகம்மாள் கையில் வைத்துக் கொடுத்தது. எப்போது வந்தாலும் கதவைத் தட்டாமல் வரவேண்டும் என்றாளாம். அன்றிலிருந்து அவன் அதைப் பிரிந்ததில்லை.

ஜெபகுமார் கொத்தோடு சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினான். ஹேண்டிலைப் பிடித்து, பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஓர் ஆட்டு ஆட்டினான். கொத்து ஊசலாடியது. இன்ஜின் ஒரு கணம் மூச்சடைத்து, மறுபடி பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக ஆட்டினான். அடியோடு நின்றுபோனது.

சாவி போடும் ஸ்விட்சைப் பிரித்து, உள்ளே தேய்ந்து வழவழத்துப் போன பித்தளைத் தகட்டைக் காட்டினான். கனம் வருஷக்கணக்காக இழுத்து இழுத்துத் தேய்த்திருந்தது. கொத்து ஆடும்போதெல்லாம் கரன்ட் விட்டுப் போயிருக்கிறது. ஒற்றைச் சாவியில் அது தெரியவே தெரியாது.

"கொத்தோட குடுங்கன்னு ஒரு வார்த்த நான் கேட்டிருக்கணும்மா," என்றான். "அவுரு சொன்னது நெசந்தான்."

அவள் கொத்தை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேல்ராஜ் கோபித்துக்கொண்டு சாகவில்லை. ஆனால் அவன் சொன்னதை நம்பாமல் சண்டை போட்டது அவள்தான். அது எந்த ஸ்விட்சாலும் தீராது.

சற்று நேரம் கழித்து ஊருக்குப் போன் போட்டாள். வண்டிதான் நின்றுபோயிருக்கிறது, மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார் என்றாள்.

"எதனால நின்னுச்சாம்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

கனகலட்சுமி மடியில் கிடந்த இரும்புச் சாவியைப் பார்த்தாள். பதினாறாம் நாள் பட்டது அத்தனைக்கும், நீங்கள் கொடுத்த சாவியின் கனம்தான் என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"உள்ள ஏதோ தேஞ்சிருந்துச்சாம், அத்தை."

ஜெபகுமார் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினான்.

போனில் உலகம்மாள் அழுதாள். அழுகை அடங்கி, நம்ம வீட்டுச் சாவி அவன் கொத்தில்தானே இருக்கிறது என்று கேட்டாள். "நீயே வச்சுக்க தாயி. எப்ப வந்தாலும் கதவத் தட்டாம வா."

"சரி அத்தை," என்றாள். இரும்புச் சாவியைத் தனியாகக் கழற்ற, கொத்தின் வளையத்தைப் பிரிக்க நகம் போதவில்லை. ஜெபகுமார் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான்.