நல்ல வாசனைக்குப் பேர் கிடையாது

வெறுமனே 'இரும்பு குளோரைடு' என்று எழுதும் பிள்ளைக்கு நான் மார்க் போடுவதில்லை. எந்த இரும்பு? குளோரினைப் பிடிக்க இரண்டு கை நீட்டும் இரும்பா, மூன்று கை நீட்டும் இரும்பா? இரண்டு என்றால் FeCl₂, மூன்று என்றால் FeCl₃. ஒரே பேரைச் சொல்லி இரண்டையும் கூப்பிட்டால் எது திரும்பிப் பார்க்கும்? சிதம்பரத்தில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் எனக்குப் பிள்ளைகள் வைத்த பேர் ஃபார்முலா ஆரோக்கியம். அப்பா வைத்தது ஆரோக்கியராஜ். என் கோபத்தைக் கேள்விப்பட்டோ என்னவோ, நாற்பதை நெருங்கும்வரை எவரும் எனக்குப் பெண் கொடுக்க முன்வரவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

நான் நம்பியது ஒன்றைத்தான். ஒரு பொருளின் சரியான பேர் தெரிந்துவிட்டால் அதன்மேல் உள்ள பயம் போய்விடும். பேர் தெரிந்தால் வாய்பாடு எழுதலாம். வாய்பாடு தெரிந்தால் அது எதோடு சேரும், எதை அரிக்கும், எதற்கு அடங்கும் என்று சொல்லிவிடலாம். பேய்க்கு வாய்பாடு கிடையாது, ஆகவே பேயும் கிடையாது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

2009 மே மாதம், என் தங்கை அனுப்பிரியாவை அழைத்துவரக் கடலூர் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. வளைகாப்பு முடித்து அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்து, தாயும் பிள்ளையுமாகப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. அவள் புருஷன் அன்பரசு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் ஆபரேட்டர். தொழிற்சாலைகளின் பின்பக்கம், உப்பனாற்றுக் கரையில், கருவேலந்திட்டு என்ற ஊரில் வீடு. வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அன்பரசுவின் அம்மா சவரியம்மாள் வாசலிலிருந்து அவசரமாக உள்ளே வந்தார்.

"அனு, ராஜமாணிக்கம் வர்றான். ஜன்னல சாத்து."

யாரோ வேண்டாத சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவன் யாராக இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். அனு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரும் வரவில்லை. அழுகிய முட்டைக்கோஸை வேகவைத்ததுபோல ஒரு நாற்றம்தான் கதவிடுக்கு வழியாக வந்தது.

"யாரும்மா ராஜமாணிக்கம்?" என்று கேட்டேன்.

"சைக்கிள் கடை வெச்சிருந்தாரு தம்பி. இந்த நாத்தம் மொதமொத வந்தன்னிக்கு கடையிலயே வுழுந்தாரு. எழுந்திரிக்கல."

அந்த ஊர் வழக்கம் அது. ஒரு நாற்றம் முதலில் யாரைக் கீழே தள்ளியதோ, அதற்கு அவர் பேர். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் கொளஞ்சியம்மாள் என்று பேர். சாக்கடை ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள், ஆட்டோடு கிடந்தாளாம். நெயில் பாலிஷ் வாசனைக்குச் சடையப்பன். அவர் மட்டும் தலைசுற்றி விழுந்து எழுந்துவிட்டவர். "என்னா சடையப்பா, நேத்து எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனியாமே" என்று டீக்கடையில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். தான் வீட்டில் இருக்கும்போதே தன் பேர் தெருவில் திரிவது தனக்குப் பிடிக்கவில்லை என்று மறுநாள் காலை என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாக்பீஸ் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். வீட்டுக் கதவில் பெரிதாக எழுதினேன். கொளஞ்சியம்மாள் அல்ல, ஹைட்ரஜன் சல்ஃபைடு, H₂S. ராஜமாணிக்கம் அல்ல, மெத்தில் மெர்காப்டன், CH₃SH. சடையப்பன் அல்ல, அசிட்டோன், CH₃COCH₃. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்று, கோலம் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"தம்பி, கொளஞ்சி எப்பிடிக் கெடந்தான்னு நான் கண்ணால பாத்தவ" என்றார் சவரியம்மாள். "கொளஞ்சி வர்றான்னு சொன்னா கொழந்தைங்கள தூக்கிகிட்டு ஓடுவேன். நீங்க சொல்ற ஹைட்ரஜனு யாரு? அதுக்கு மூஞ்சி இருக்குதா?"

"செத்தவங்க பேரால நாத்தத்தக் கூப்புடறது மூடநம்பிக்கைம்மா" என்றேன்.

அன்பரசு நடுவில் புகுந்தான். எதையும் விளையாட்டாக்கிவிடுகிற பிள்ளை. "எங்க கம்பெனில இதெல்லாம்கூடக் கெடையாது மச்சான். எல்லாம் நம்பர்தான். பைப்புல பதினேழுன்னு எழுதியிருக்கும். பதினேழுன்னா என்னா சார்னு கேட்டா, பதினெட்டுக்கு முன்னாடி வர்றதும்பாங்க."

என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவன் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுக்க ஆட்கள். அன்பரசு வேலை முடிந்து வந்து, குளிக்காமலேயே பந்தலில் தோரணம் கட்ட ஏறிவிட்டான். புதுப்புடவை கட்டிய அனு, அவன் கழற்றிப்போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இத மோந்து பாரேன். என்னா நல்ல வாசன! புதுசா அறுத்த வைக்கோல் மாதிரி இல்ல?"

முகர்ந்தேன். லேசான இனிப்பு, பச்சை மாறாத வைக்கோல். கருவேலந்திட்டில் வயல் கிடையாது. இருக்கிற நிலமெல்லாம் உப்புப் பூத்துக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதுவும் மே மாதத்தில் எவன் நெல் அறுக்கிறான்?

"இதுக்கு யாரு பேரும்மா?" என்று சவரியம்மாளிடம் கேட்டேன்.

"நல்ல வாசனைக்கு யாரு பேரு வெப்பாங்க தம்பி?" என்றார் அவர், சந்தனம் கரைத்துக்கொண்டே.

சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். வருஷாவருஷம் போர்டில் எழுதும் வாய்பாடு அது, COCl₂. கார்பனைல் குளோரைடு. ஃபாஸ்ஜீன் என்று இன்னொரு பேர், ஒளியில் பிறந்தது என்று அர்த்தம். புது வைக்கோல் வாசனை அடிக்கும் நச்சுவாயு என்று பிள்ளைகளுக்கு ஒப்பித்திருக்கிறேனே தவிர, அதுவரை நான் முகர்ந்ததில்லை. அதன் குணம் மற்றதைப் போல அல்ல. சுவாசித்தவன் இரண்டு இருமல் இருமுவான், பிறகு சரியாகிவிடும். பல மணி நேரம் நன்றாகவே இருப்பான், சாப்பிடுவான், பேசுவான். அதற்குள் நுரையீரலில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். உடம்பை அலட்டினால் இன்னும் சீக்கிரம் ஊறும்.

"மாப்ள, எறங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ராத்திரி ஏதாவது கசிஞ்சுதா?"

"ஒரு வால்வு லேசா கசிஞ்சிது மச்சான். நான்தான் அடைச்சேன். ரெண்டு இருமல் வந்துது, அவ்ளோதான். ஏன் கேக்கறீங்க?"

"எந்த நம்பர் பைப்பு?"

"அதுக்கு இன்னும் நம்பரே போடல. புதுசு."

பேரைச் சொன்னேன். என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். "வளைகாப்ப வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்கா? எனக்கு ஒண்ணுமில்ல, பாருங்க" என்று ஏணியிலிருந்து குதித்துப் பந்தலை ஒரு சுற்று ஓடிவந்தான். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஓடாதே ஓடாதே என்று கத்தினேன். கத்தலில் கூட்டம் அடங்கிப்போயிற்று.

அனுவின் ஒரு கையில் அதற்குள் வளையல் அடுக்கியிருந்தார்கள். "அண்ணன் கோவக்காரருதான், ஆனா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் அவனிடம். "ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க. மறுகைக்கு நீங்க வந்தப்புறம் போட்டுக்கறேன்."

அவள் மனசுக்காக வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேரைச் சொன்னேன், வாய்பாட்டையும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் படுக்க வைத்தார், ஆக்ஸிஜன் கொடுத்தார். தொழிற்சாலைக்கு அவர் போன் செய்தபோது, அப்படியொரு பொருளே தங்களிடம் கிடையாது என்று பதில் வந்தது. அன்பரசு மதியம்வரை கேலி பேசிக்கொண்டிருந்தான். மாஸ்க்கை விலக்கி அனுவுக்குப் போன் போட்டு, பாயசத்தை மச்சானுக்குக் கொடுக்காதே என்றான். பிறகு என்னிடம் தண்ணீர் கேட்டான். டம்ளரை நீட்டியபோது இருமினான், வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை கட்டியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் முடிந்துபோயிற்று.

"நீங்க சொன்ன பேர் சரிதான் சார்" என்றார் டாக்டர்.

சரியான பேர்தான். சொல்லவேண்டிய நேரத்தில் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியும் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டுக்கேட்டு வாங்கிய அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அனுவின் மறுகையில் கடைசிவரை வளையல் ஏறவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், ஊருக்குள் அந்த வாசனை வந்தது. தெருவில் ஒரு குழந்தை கத்தியது.

"அன்பரசு வர்றாரு! அன்பரசு வர்றாரு!"

வீடுவீடாக ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாரே தவிர, யாரையும் திட்டவில்லை. அனு எழுந்தாள். சாத்தியிருந்த ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, கம்பியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். நான் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்து, ஈரத்துணியால் அவள் மூக்கைப் பொத்தி, அப்போதே ஆட்டோ பிடித்துச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவள் இருமுகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இருமவில்லை.

ஆகஸ்டில் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அப்பா பேரையே வைக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

"வேணாண்ணா" என்றாள் அனு. "அந்தப் பேரக் கூப்ட்டா ஊரே கதவ சாத்தும்."

வேறு பேர் வைத்தோம்.

என் வீடு கீரப்பாளையம் போகும் சாலையில், வயலை ஒட்டி இருக்கிறது. தை மாதம் அறுப்பு தொடங்கியபோது சுற்றிலும் புது வைக்கோல் வாசனை. நான் பைத்தியக்காரன் மாதிரி அறை அறையாகப் போய் ஜன்னலைச் சாத்தினேன். அனு பின்னாலேயே வந்து திறந்தாள். குழந்தையைத் தூக்கி ஜன்னலில் நிறுத்தி, "அப்பா வர்றாரு பாரு" என்றாள். அது கூமரின் என்று அவளுக்குச் சொன்னேன். C₉H₆O₂, புல் காயும்போது வருவது, இதில் குளோரினே கிடையாது, யாரையும் ஒன்றும் செய்யாது. "சரிண்ணா" என்றாள். ஜன்னலைச் சாத்தவில்லை. காரணம் தெரிந்த வாசனைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த ஆடியில்தான் எனக்குக் காரணம் கிடைக்காமல் போயிற்று. விடுமுறை நாள், மத்தியானம். அனுவும் குழந்தையும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். லேசான இனிப்பு, பச்சை மாறாத வைக்கோல். பேனாவை வைத்துவிட்டு வெளியே போனேன். வயல்கள் உழவுக்குக் காத்து வெடித்துக் கிடந்தன. அக்கம்பக்கத்தில் வைக்கோல் போர் எல்லாம் கோடையிலேயே மாட்டுக்குத் தீர்ந்துவிட்டது. காற்று மேற்கிலிருந்து அடித்தது, கடலூர் இருக்கும் திசையிலிருந்து அல்ல. வீட்டைச் சுற்றிவந்தேன். வெளியே எங்கும் அந்த வாசனை இல்லை. வீட்டுக்குள் மட்டும் இருந்தது.

உள்ளே ஓடிக் குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இருமல் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை, கண்ணும் எரியவில்லை. தெரிந்த பேரையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. என் கை ஜன்னல் கதவைப் பிடித்திருந்தது.

அனு விழித்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாத்திடாதண்ணா" என்றாள். "இந்த ஒரு வூடுதான் அவுருக்கு தொறந்திருக்குது."

கையை எடுத்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"வாங்க மாப்ள" என்றேன்.