இருபத்திரண்டு சாடிகளுக்கு ஒரு கூடாரம்

புஸ்பத்துக்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. நாலரை வருடமாக முயன்றுகொண்டிருந்தாள். அந்த ஆள் சொல்ல விட்டால்தானே!

ஆள் வேறு யாருமில்லை, காத்தான்குடி றமீஸா. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, செட்டிபாளையத்தில், புஸ்பத்தின் கையிலிருந்து ஆறு வயது மகள் விதுசாவைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. கால் முறிந்து கிடந்த புஸ்பத்தை யாரோ உழவு இயந்திரத்தில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தண்ணீர் விட்டுப்போன விதுசாவையும் வேறு யாரோ அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே யார் எந்த மூலையில் கிடந்தார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. சொந்தக்காரர் ஒருவரைத் தேடிப் போயிருந்த றமீஸா, நடைபாதையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பிள்ளையைக் கண்டு, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். "விதுசா, ஊர் செட்டிபாளையம், என்னிடம் இருக்கிறா" என்று எழுதி, விலாசமும் போட்டு, ஆஸ்பத்திரி மதிலில் ஒட்டினார். மழையில் கரைந்தபோதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டினார். பதினோராம் நாள் அது புஸ்பத்தின் கணவன் சாமித்தம்பியின் கண்ணில் பட்டது.

அவர்கள் போய்ப் பார்த்தபோது பிள்ளை எண்ணெய் வைத்துத் தலைவாரி, புதுச்சட்டை போட்டு, இடியப்பம் தின்றுகொண்டிருந்தது. புஸ்பம் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு றமீஸாவின் காலில் விழப் போனாள். றமீஸா பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புஸ்பம் இது? பசிச்ச புள்ளைக்குச் சோறு குடுக்கிறதும் ஒரு கதையா? முதல்ல இரிங்க, தேத்தண்ணி குடிங்க."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். புஸ்பம் வாய் திறந்தால் றமீஸா தேத்தண்ணி ஊற்றுவார். வாவி நண்டு ஒரு பை கொண்டுபோனால் மஸ்கத்து இனிப்பு இரண்டு பை கட்டிக் கொடுப்பார். வத்தகப்பழம் கொண்டுபோனால் விதுசாவுக்குச் சட்டைத்துணி வரும். இந்தப் போட்டியில் புஸ்பம் ஒருநாளும் வென்றதில்லை. சாமித்தம்பி சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. தொண்டையில் முள் சிக்கியவனுக்குத்தான் அதன் வேதனை தெரியும்.

அப்படியிருக்க, இரண்டாயிரத்து ஒன்பது ஆனி மாதத்தில் றமீஸா தாமாகவே வந்து ஒன்று கேட்டார். சண்டை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். புஸ்பத்தின் ஒழுங்கையில் யாரும் கொளுத்தவில்லை. வன்னியில் சொந்தக்காரர் அகப்பட்டிருந்தவர்கள் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த நேரத்தில் ஓர் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. உள்ளே ஒரே இலையும் பூவும். அவற்றுக்கு நடுவே முக்காட்டைச் சரிசெய்தபடி றமீஸா. பின்னால் இன்னொரு ஓட்டோ.

"பாறூக்குக்குக் கொழும்பில நெஞ்சு ஒப்பரேசன். திரும்பி வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும் எண்டு டொக்டர் சொல்லிட்டாரு. வீட்டைப் பூட்டிட்டுப் போறம். இந்த அந்தூரியம் இருபத்திரண்டையும் நீங்க பாத்துக்குவீங்களா?"

பாறூக் அவர் கணவர். அந்தூரியங்கள் றமீஸாவின் உயிர். வீட்டின் உள்விறாந்தையில், வெயில் நேராகப் படாமல், தேங்காய்ப் பொச்சுமட்டையும் செங்கல் துண்டும் போட்டு வளர்த்த செடிகள். வழியில் மூன்று சோதனைச்சாவடிகளிலும் சாடிக்குள் குச்சியால் குத்திப் பார்த்தார்களாம். மூன்றாவது இடத்தில் நின்ற சிப்பாய் ஒரு சிவப்புப் பூவை மோந்து பார்த்து, வாசமில்லையே என்று ஏமாந்துபோனானாம்.

புஸ்பம் உடனே "ஓம்" என்றாள். "எல்லாத்தையும் உயிரோட தருவன் ராத்தா" என்று, அக்கா முறை வைத்து அழைத்து, வாக்குக் கொடுத்தாள். அன்று முழுதும் அவள் கால் நிலத்தில் பாவவில்லை. கடைசியில் இந்த மனுசிக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. இதிலே பிழைவிட்டால் பிறகு எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது?

பிரச்சினை என்னவென்றால், கடலுக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அவர்களுடைய திட்ட வீட்டில் உள்விறாந்தை கிடையாது. ஓர் அறை, ஒரு மண்டபம், தகரம் போட்ட சமையலறை. ஆகவே செடிகளுக்கென்று முற்றத்தில் ஒரு கூடாரம் அடிப்பதென்று முடிவாயிற்று.

"என்னத்துக்கு யோசிக்கிறாய்? கடல் அடிச்ச நேரம் தந்த கூடாரம் பலகையில மடிச்சுக் கிடக்குதானே? அதை அப்பிடியே அடிப்பம்" என்றான் சாமித்தம்பி.

"அதுக்குள்ள பதினாலு மாசம் நாம அவிஞ்சது காணாதா? பூவையும் அவிக்கப் போறீங்களா?"

"அப்ப நீலத் தறப்பாள்?"

"அது அதைவிட மோசம். வெளிச்சமும் வராது, காத்தும் வராது."

கடைசியில் கழுவாஞ்சிக்குடிக்குப் போனார்கள். தோட்டச் சாமான் விற்கும் வினாயகமூர்த்தி மூன்று விதமான நிழல் வலைகளை விரித்துக் காட்டினார். ஒன்று பாதி வெயிலை மறிக்கும், மிளகாய்க் கன்றுக்குச் சரி. இன்னொன்று முக்கால்வாசியை மறிக்கும். மூன்றாவது கிட்டத்தட்ட இருட்டு. அந்தூரியத்துக்கு நடுவில் உள்ளதுதான் என்று புஸ்பத்துக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. றமீஸாவின் விறாந்தையில் விழும் வெளிச்சம் அவளுக்கு மனப்பாடம்.

"ஒண்டு சொல்றன் தங்கச்சி" என்றார் வினாயகமூர்த்தி. "மேற்குப் பக்கத்தை நல்லா மறைச்சுப் போடுங்க. கச்சான் காத்து அடிக்கிற காலம் வருது. கிழக்குப் பக்கத்தைத் திறந்து விடுங்க, காலை வெயில் சாஞ்சு விழட்டும்."

புஸ்பம் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து நேர்மாறாகச் செய்தாள்.

அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கடல் கிழக்கே இருக்கிறது. ஒருகாலத்தில் கிழக்கு வாசல் இல்லாமல் வீடு கட்டமாட்டோம் என்று அடம்பிடித்த சனம் அது. கடல் வந்து போன பிறகு, வீடு கட்டிக்கொடுத்த நிறுவனத்து மேசன்மார் கிழக்கே ஜன்னல் வைத்தபோது, அந்த வரிசையில் பதினேழு வீட்டுக்காரரும் போய் அதைக் கல் வைத்து அடைக்கச் சொன்னார்கள். மேசன்மாருக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கவுமில்லை. வாசல்கள் எல்லாம் வாவியைப் பார்த்தன. கிடுகு வேலிகள் கடல் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்தன. புஸ்பம் நாலரை வருடமாகக் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. பிரதான வீதிக்குப் போவதென்றாலும் தலையைத் திருப்பாமல் போய் வருவாள்.

ஆகவே சாமித்தம்பி பழைய கூடாரத்தின் இரும்புக் குழாய்களை நட்டு, மேலேயும் மற்றப் பக்கங்களிலும் வலையை இழுத்துக் கட்டியபோது, புஸ்பம் பழைய கூடாரத்தின் தடித்த வெள்ளைத் துணியை வெட்டி, கோணி ஊசியால் கிழக்குப் பக்கம் முழுவதையும் தைத்து மூடினாள். வாசலை வாவிப் பக்கம் வைத்தாள். சாமித்தம்பி பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு குழாயை இன்னொரு தட்டுத் தட்டினான். கடலில் தொழில் செய்வதை விட்டு வாவியில் மட்டும் வலை வீசுகிற மனுசன் அவளுக்கு என்ன புத்தி சொல்வது?

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. பலகை அடித்து மூன்று தட்டு. தட்டுக்கு ஏழு சாடி. மிஞ்சிய ஒன்று, சிறிய வெள்ளைப் பூ, கிழக்கு மூலையில் நிலத்தில். காலையும் மாலையும் இலைகளுக்குப் பூவாளியால் தூவல். நிலத்தில் ஈரச் சாக்கு. றமீஸா கொழும்பிலிருந்து தொலைபேசியில் பாறூக்கின் நெஞ்சைப் பற்றி இரண்டு வசனமும் அந்தூரியத்தைப் பற்றி இருபது வசனமும் பேசுவார்.

மூன்றாம் வாரம் கச்சான் தொடங்கியது. மேற்கேயிருந்து, காய்ந்த வயல்களைத் தடவி, வாவியைத் தாண்டி, அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வரும் காற்று. கூடாரத்தின் வாசல் வழியே நேராக உள்ளே போனது. வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. பின்னேர வெயிலும் அதே வாசலால் உள்ளே வந்து சாடிகளின் மேல் படுத்துக்கொண்டது. இலைகளின் ஓரம் பழுப்பாயிற்று. மொட்டுகள் விரியாமலே சுருண்டன. புஸ்பம் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். வேர் அழுகி இரண்டு செடிகள் செத்தன. அடுத்த கிழமை இன்னொன்று.

"காலை வெயில் படுதா புஸ்பம்?" என்று றமீஸா கேட்டார்.

"படுது ராத்தா" என்றாள் புஸ்பம். தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள். அந்த மனுசி ஒருவருக்கும் தெரியாத பிள்ளையைப் பதினொரு நாள் வைத்துப் பார்த்தது. எனக்கு ஒரு பூஞ்செடியை வைத்துப் பார்க்க வக்கில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிய, செத்ததை அப்புறப்படுத்தக் கூடாரத்துக்குள் போனவள் நின்றுவிட்டாள். கிழக்கு மூலையில் நிலத்தில் கிடந்த அந்தச் சிறிய வெள்ளை அந்தூரியம் தளதளவென்று நின்றது. புதிதாக இரண்டு மொட்டு. அதன் தலைக்கு மேலே துணி ஒரு சாண் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலால் மெல்லிய வெயில் ஒரு கோடாக வந்து இலையில் விழுந்தது. கையை வைத்துப் பார்த்தாள். மேற்கேயிருந்து வந்த காற்று அந்த ஓட்டையால் வெளியே போய்க்கொண்டிருந்தது. வினாயகமூர்த்தி சொன்னதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

சாமித்தம்பி வந்து பின்னால் நின்றான். அவனுக்கும் விளங்கியது.

"நீ உள்ளுக்குப் போ. நான் பிரிச்சு விடுறன். மறுகா வேலியை இன்னும் உயத்துவம், உனக்குக் கடல் தெரியாது."

"வேலியை உயத்தினா வெயில் எப்பிடி வாறது?"

அவன் வேலியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தானே தைச்சன். நான்தான் பிரிக்கோணும். நீங்க வேலியைக் கழட்டுங்க" என்றாள்.

கத்தியை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பாதியில் துணி தன் பாரத்தில் தானே சரிந்து விழுந்தது. வேலி போன இடைவெளியில், தப்பி நின்ற நாலைந்து தென்னைகளுக்கு நடுவே, கடல் தெரிந்தது. புஸ்பம் ஓடத்தான் நினைத்தாள். கால் முறிந்த இடம் ஒருதரம் விண்ணென்று வலித்தது. ஆனால் பின்னால் பத்தொன்பது சாடிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

கடல் தன் பாட்டுக்குக் கிடந்தது. ஒன்றும் நடக்காததுபோல! அதைக் கண்டதும் அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"நல்லாப் பாத்துக்கொண்டிரு" என்று அதனிடம் உரக்கச் சொன்னாள். "இது ராத்தாட பூ. இதில ஒண்டையும் உனக்குத் தரமாட்டன்."

அன்றைக்கே வாசலைக் கிழக்குக்கு மாற்றி, வெள்ளைத் துணியை மேற்கே தைத்தாள். அந்தப் பக்கம் ஈரச் சாக்கும் தொங்கவிட்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் விடிய, முகத்தைக் கடலுக்குக் கொடுத்தபடி தண்ணீர் தூவினாள். முதல் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு அப்படி வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதம் முடியும்போது பத்தொன்பதும் துளிர்த்திருந்தன. வாசலில் நின்று பார்க்கிறபோது, தான் செய்த ஒரு காரியம் சரிவந்திருக்கிறது என்ற நிறைவில் அவளுக்குக் கண் கலங்கும்.

நோன்பு தொடங்க நாலு நாள் இருக்க, றமீஸா வந்தார். பாறூக் மெலிந்திருந்தார், ஆனால் தானாக நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார். றமீஸா நேரே கூடாரத்துக்குள் போனார். ஒவ்வோர் இலையாகத் தடவினார். புஸ்பம் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மூண்டு செத்துப்போச்சு ராத்தா. என்ட பிழைதான். காலை வெயில் படுது எண்டு உங்களுக்குப் பொய்யும் சொன்னன்."

"மூணுதானா? என்ட வீட்டுல இருந்தா இந்தக் கச்சானுக்கு ஆறேழு போயிருக்கும்."

"வீட்டுல விட்டிருந்தா அலைச்சலும் இல்லையே ராத்தா" என்றான் சாமித்தம்பி, ஓட்டோவிலிருந்து பாறூக்கின் பையை இறக்கியபடி. "உங்கட மச்சி பக்கத்து வீட்டிலதானே இருக்கிறா? அவவும் பூ வளக்கிறவ எண்டு விதுசா சொல்லுவா."

றமீஸா இலையிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மச்சி கேட்டாதான், நானே பாக்கிறன் எண்டு. நான்தான் குடுக்கல்ல. புஸ்பம் நாலரை வருசமா நண்டையும் வத்தகப்பழத்தையும் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல தவிச்சு நிக்கிறத நான் பாக்கிறன்தானே. வேற என்னத்தத்தான் நான் கேக்கிற?"

புஸ்பம் கூடாரக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியபோது, நாலரை வருடமாக உள்ளே கிடந்ததெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

"ராத்தா, அந்தப் பதினொரு நாள்..." என்று தொடங்கினாள்.

றமீஸாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. தேத்தண்ணி என்று சொல்லத்தான் போனார். புஸ்பத்தின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

"அந்தப் பதினொரு நாளும் நான் என்ட புள்ளைய மண்ணுக்குள்ள நினைச்சு அழுதன் ராத்தா. ஒரு வாய்த் தண்ணி எனக்கு இறங்கல்ல. அந்தப் பதினொரு நாளும் அவ உங்கட மடியில இருந்து சோறு திண்டிருக்கா. ராவில எழும்பிக் கத்தினா நீங்க கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுத்தீங்களாம், அவதான் சொன்னா. நான் பெத்தவ ராத்தா. அந்த நேரம் அவளுக்கு நான் இல்ல. நீங்க இருந்தீங்க."

றமீஸா புஸ்பத்தின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை.