நீலக்கோடு

மரக்காணத்து உப்புக்காற்று முதலில் தின்றது பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைத்தான். பதினைந்தில் மூன்றுதான் உயிரோடு இருந்தன. அதனால் கிராபிக்ஸ் பாடத்துக்கு இதுவரை ஓட்டிய பைத்தான் புரோகிராமிங்கை மூட்டை கட்டிவிட்டு, போனிலேயே திறக்கிற ஒரு வெப்சைட்டுக்கு மாறினாள் கலைமதி டீச்சர். இன்ஸ்டால் பண்ணும் தொல்லை இல்லை. இரண்டு வரி எழுதினால் வட்டம் வந்து நிற்கும். புதுசாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட லேசானது கிடைக்காது என்று அவளுக்கு ஏகப் பெருமை. அந்தப் பெருமைதான் வினையானது.

பிள்ளைகள் உப்பளத்து வாய்க்காலில் ஒரு சென்சார் மாட்டியிருந்தார்கள். தண்ணீர் ஏறினால் திரையில் நீலக்கோடு ஏறும். பைத்தானில் எழுதிய அந்தப் பழைய புரோகிராமின் கணக்கை மாற்றாமல் புது வெப்சைட்டில் எழுதி, லிங்க்கை அளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். மழைக்கு முன் உப்புக்குவியலைக் கீற்றுப் போட்டு மூடுகிறவர்களுக்கு அது பெரிய தைரியம். குவியல்கள் இருக்கிற நடுத்திட்டுக்குப் போய்வர ஒரே ஒரு வரப்புதான். வாய்க்கால் பொங்கினால் அதுவும் முழுகிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வானம் கருத்துக் கிடந்தது. வகுப்பில் மலர்கொடி எழுந்தாள்.

"மிஸ், வட்டத்த மேல ஏத்தலாம்னு நம்பரைக் கூட்டினேன். கீழ போவுது."

"அப்படிப் போவாதேம்மா," என்று போனை வாங்கினாள் கலைமதி. வட்டம் கீழேதான் போனது. பைத்தானில் பூஜ்யம் திரையின் நடுவில் இருந்தது. கூட்டினால் மேலே போகும். இங்கே பூஜ்யம் உச்சியில். கூட்டக் கூட்டக் கீழே.

அவள் வாய்க்கால் படத்தைத் திறந்தாள். விடிந்ததிலிருந்து நீலக்கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. 'தண்ணி எறங்குது, பயப்படாம போங்க' என்று குரூப்பில் எழுதியதும் அவளேதான்.

மலர்கொடியின் அப்பா கன்னியப்பனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"நடுத்திட்டுலதாங்க டீச்சர். ஏழு பேரு. நீங்க சொன்னதாலதான் வந்தோம். கீத்து போட்டுட்டு இருக்கோம்."

"எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வாங்க! படம் தலைகீழா காட்டுது. தண்ணி ஏறுதுங்க!"

மறுமுனையில் மழை சடசடவென்று கொட்டியது.

"கோடு அடியில போயி மறைஞ்சிடுச்சே டீச்சர்," என்றார் கன்னியப்பன். "சுத்தமா வத்திப்போச்சின்னுல்ல நெனச்சோம்." பிறகு யாரையோ கூப்பிட்டார். "டேய் சுப்ராயா, வரப்பு தெரியுதா பாரு."

மலர்கொடி, டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் தூரத்தில் சுப்ராயன் கத்தியது வகுப்புக்கே கேட்டது.

"எந்த வரப்புண்ணா? எல்லாம் தண்ணியா இருக்குது."