மூன்றாம் தேதிக்குக் கீழே

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நான் எழுந்திருக்கும்போது அவர் பாதி ஊரைச் சுற்றியிருப்பார். அதனால் ஒன்பது வருஷமாக எங்கள் குடித்தனம் பாதி நடந்தது என் மெயில் அக்கவுண்டில் இருவருக்கும் பொதுவாக இருந்த காலண்டரில்தான். 'குழாய் சொட்டுகிறது' என்று நான் குறித்தால், அதற்குக் கீழே, "சரி பண்ணியாச்சு பல்காரி. நேத்து ஏன் உம்முனு இருந்தே?" என்று அவர் எழுதியிருப்பார்.

மெயில், போட்டோ, மேப், காலண்டர் எல்லாமே ஒரே கம்பெனி. நம் வீட்டு விஷயம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறதே என்று எனக்கு ஒரு வைராக்கியம். மூன்று வாரம் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, மூன்றாம் தேதி அக்கவுண்டை மூடினேன். கூடத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

புதுக் காலண்டரில் அவர் ஒன்றுமே எழுதவில்லை. பழகவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய பழைய கிண்டல் ஒன்றைத் தேடினேன். தேதிகள் வந்திருந்தன. அவற்றுக்குக் கீழே எழுதியது எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது அவரிடம் சொன்னேன்.

"தெரியும். மறுநாளே பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கோப்பை ஜெயிச்ச மாதிரி சுத்திட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

மூடியதை இருபது நாளுக்குள் திறக்கலாம். அன்று பத்தொன்பதாவது நாள். கம்பெனி நீட்டிய எல்லா நிபந்தனைக்கும், படிக்காமலே, சம்மதம் என்று அழுத்தினேன். ஒன்பது வருஷமும் அப்படியே இருந்தது.

மூன்றாம் தேதிக்குக் கீழேயும் ஒன்று இருந்தது. மூடிய அன்று காலையில் அவர் எழுதியது. அவசரத்தில் நான் பார்க்கவே இல்லை.

"மூடினா இதெல்லாம் போயிடுமா? கேக்கணும்னு நினைச்சேன். நீ சந்தோஷமா இருக்கே. போகட்டும்."

தலையை நிமிர்த்த முடியவில்லை.

"திரும்ப உள்ளே போயிட்டியா?" என்றார், சாக்ஸுக்கு ஜோடி தேடியபடி.

"போயிட்டேன்."

"கூடத்துல என்ன சொல்லுவே?"

"பல்லைக் காட்டிச் சமாளிச்சுக்கறேன்."

அவர் எழுதியதற்குக் கீழே, 'உங்களைக் கேட்டிருக்கணும்' என்று எழுதினேன். அவர் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். என் பக்கத்துத் துணியையும் இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அக்கவுண்ட் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. முடித்ததும் மூடிவிடலாம் என்று, குறிப்புகளை ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் எழுதி எடுக்கிறேன். இரண்டு மாதமாகிறது, முதல் வருஷத்தையே தாண்டவில்லை.