வெயில் படாத கறுப்பு

கல்லுப்பு ஜாடி மறுபடியும் காலி.

செலின் மேரி ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டலம் உப்பு ஒன்றரை மாதம் வருகிற வீடு அது. இந்தப் பொட்டலம் பிரித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மூன்று பேரில் ஒருவர் சாப்பாட்டையே ஏறக்குறைய நிறுத்திவிட்ட பிறகு உப்பு மட்டும் எங்கே போகிறது?

"டாடிதான் மம்மி," என்றாள் மகள் ஏஞ்சல், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே. "வாயில போட்டு கல்கண்டு மாதிரி சப்பறாரு. மாங்கா ஜாடில இருந்த உப்புத் தண்ணியையும் குடிச்சிட்டாரு."

செலின் அன்றைக்கு அங்கன்வாடிக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். பத்தொன்பது வருஷமாக அங்கன்வாடி டீச்சர். ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை கிராம் இறங்கியது, எதன் கண் இமைக்குள் ரத்தமில்லை என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பிள்ளைகளின் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். கோடு சிவப்புக் கட்டத்துக்குள் இறங்கினால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்குப் போன் போகும். சொந்த வீட்டில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. யாருக்குப் போன் போடுவது?

ஊரிலோ அந்தக் கோட்டுக்குப் பக்தி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அவள் புருஷன் இக்னேஷியஸ், பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. ஊர்க் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்தில் பதினான்கு வருஷமாக, தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவர். வசனம் கிடையாது. செம்பைச் சாய்க்க வேண்டும், நிமிர்த்த வேண்டும், போய்விட வேண்டும். இதுவரை இயேசுவாக நடித்தவர் மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் அந்த வேஷம் இவருக்கு வந்தது. அன்றிலிருந்து மனிதர் தாடியைத் தடவிக்கொண்டேதான் பேசுகிறார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் நாடகக் கமிட்டித் தலைவர் ஆண்டனி அவரைப் பார்த்தார். ஆண்டனியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த மிடுக்கு மகனுக்குக் குரலில் இறங்கியிருந்தது. மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

"இன்னா இக்னேஷியஸ், சட்டை தொங்குது. கடுமையான ஒருசந்தி நோன்பா?"

அன்றைக்குக் காலையில் இக்னேஷியஸ் தின்றது அரை இட்லி. அதுவும் கொல்லையில் வாந்தியாகிவிட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையைக் குனிந்தார். குனிந்த தலைக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்டனி மைக்கைப் பிடித்தார். "நம்முடைய இக்னேஷியஸ் அவர்கள் ஆண்டவருடைய பாத்திரத்துக்காக ஒரு வேளை மட்டும் உண்டு, வெள்ளிதோறும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு ஒன்பது கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து போகிறார்கள். வெயிலில் அவர்கள் கறுத்திருப்பதைப் பாருங்கள்." வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்குப் போகப் போவதாக மட்டும்தான் இக்னேஷியஸ் சொல்லியிருந்தார். நடையும் வெறுங்காலும் தலைவருடைய நன்கொடை.

ஊர் திரும்பிப் பார்த்தது. ஆமாம், கறுத்துத்தான் இருந்தார்.

அப்புறம் நடக்காமல் என்ன செய்வது? அடுத்த வெள்ளிக்கிழமை செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊர் முடிகிற மதகு வரை நடந்தார். மதகில் கண் இருட்டி உட்கார்ந்தவரை ஷேக் மைதீனின் ஷேர் ஆட்டோ ஏற்றிக்கொண்டது. மாதா கோயிலுக்கு ஒரு தெரு முன்னால் இறங்கி மீதியை நடந்தார். அடுத்த வாரமும் அப்படியே. மைதீன் யாரிடமும் மூச்சு விடவில்லை, செலினைத் தவிர. அவளிடமும் அவன் புறம் பேச வரவில்லை. "அக்கா, அண்ணனுக்கு உடம்புல இன்னாமோ இருக்குது. நூறு அடி நடந்தா நாய் மாதிரி இரைக்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ," என்றான். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் தபசு காலமும் ஒன்றாகவே வந்திருந்தன. மைதீன் பகலெல்லாம் எச்சில்கூட விழுங்காமல் அந்த வெயிலில் ஆட்டோ ஓட்டினான். அதை எந்த மைக்கும் அறிவிக்கவில்லை.

செலின் அன்றைக்கே புருஷனைப் பிடித்தாள்.

"வெயில்ல போவாத ஆளு எப்படிங்க கறுக்கும்?"

"ஏன், டெய்லி சங்கத்துக்கு வண்டில போறனே."

"சட்டைக்குள்ளாரயுமா வண்டி போவுது? முதுகெல்லாம் கறுத்துக் கெடக்குது. அரைஞாண் கட்டுற எடத்தப் பாத்தீங்களா, மசி மாதிரி."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுநாள், கர்ப்பிணிகளை நிறுக்கும் எடை மிஷின் பழுது, ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அங்கன்வாடிக்கு வரவழைத்தாள். மிஷினில் ஒரு பழுதும் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் எழுபத்திரண்டு கிலோ. தபசு தொடங்கிய சாம்பல் புதனன்று அறுபத்தாறு. இப்போது அறுபத்தொன்று. வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். கோடு பக்கத்தை விட்டே இறங்கிவிடும்போல் இருந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஈஸ்டர் முடியட்டும்."

"அதுக்குள்ள ஆளு முடிஞ்சிட்டா?"

"புரியாம பேசாதடி. ஆஸ்பத்திரின்னு படுத்தா தலைவரு ஆன்டோவ ஏத்திடுவாரு. அவரு தங்கச்சி புள்ள. கிறிஸ்துமஸ்லேர்ந்து முடி வளத்துனு கெடக்கறான்." குரல் இறங்கியது. "பதினாலு வருஷம் தண்ணி ஊத்தினேன் செலின். இந்த ஒரு வருஷம்."

அவள் பதிவேட்டை மூடினாள். அதற்காக மனசு அடங்கியதா என்றால் இல்லை. இரவில் புரண்டாள். பகலில் பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டுக் கொடுத்தோமா என்று மறந்து மறுபடியும் கொடுத்தாள். ஒரு நாள் அவர் கொட்டாவி விட்டபோது ஈறு கண்ணில் பட்டது. நாவல்பழம் தின்றதுபோல் திட்டுத் திட்டாகக் கறுப்பு. ஈறில் எந்த வெயில் அடிக்கும்?

தபசின் நான்காம் ஞாயிறு மத்தியானம் கோயில் மைதானத்தில் ஒத்திகை. இடுப்பில் வேட்டியும் தலையில் முள்முடியுமாக இக்னேஷியஸைச் சிலுவையில் நிறுத்தி மணிக்கட்டில் கயிறு கட்டினார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"இதுதான்யா பாத்திரம்," என்றார் ஆண்டனி. "பாடுபடற காட்சிக்கு இந்தக் கறுப்பு அருமை. உயிர்த்தெழுறப்பதான் யோசனையா இருக்குது. உயிர்த்த ஆண்டவரு கறுப்பா வந்தா ஜனங்க நம்புவாங்களா? ரோஸ் பவுடர் ரெண்டு டப்பா சொல்லிடுங்க."

"தாகமாயிருக்கிறேன்," என்றார் சிலுவையில் இருந்தவர். இத்தனை ஒத்திகையிலும் வராத குரல். சொன்னதும் தலை தொங்கியது.

மைதானம் முழுக்கக் கைதட்டல். ஆண்டனி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரும் கிட்ட போவாதீங்க. அந்த உணர்ச்சியக் கலைக்கக் கூடாது."

வசனக் காகிதத்தை வைத்திருந்த ஜோஸ்பின் மட்டும் முணுமுணுத்தாள். "இன்னும் ரெண்டு வசனம் பாக்கி இருக்குதே."

ஒத்திகை பார்க்க வந்திருந்த செலின் எழுந்து நின்றாள். அந்த இரண்டு வசனத்தையும் குளிக்கும்போது, வண்டியைத் துடைக்கும்போது, தூக்கத்தில்கூட ஒப்பித்த மனிதர். பதினான்கு வருஷம் ஊமையாக நின்றவர், கிடைத்த வசனத்தை விட்டுவிட்டுச் சாகிற ஆளா? ஓடினாள். கை சில்லிட்டிருந்தது.

"அவுருங்கடா கயித்த. நடிப்பு இல்ல இது."

மைதீனின் ஆட்டோ, வில்லியனூர் தாண்டி மெயின் ரோட்டு ஆஸ்பத்திரி. முன்சீட்டில் ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டு ஆண்டனியும் வந்தார். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நாஸியா சின்ன வயசுக்காரி. கட்டிலில் கிடந்தவரின் தாடியையும் முள்கீறலையும் பார்த்து ஒன்றும் கேட்காமல் இரத்த அழுத்தம் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"எத்தன நாளா சாப்பிடல?"

பதில் ஆண்டனியிடமிருந்து வந்தது. ஒருசந்தி, ஒன்பது கிலோமீட்டர், வெறுங்கால், கொளுத்தும் வெயில், ஆண்டவருடைய பாத்திரம். பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

டாக்டர் தலையாட்டினாள். "சரி. பட்டினி, வெயில், நீர்ச்சத்து போயிருக்கு. டிரிப் போடறேன். எழுந்து உக்காந்ததும் பாத்து அனுப்பிடலாம்."

அனுப்பிடலாம். அந்தச் சொல் செலினின் காதில் விழுந்தது. இக்னேஷியஸுக்கு அதற்குள் நினைவு திரும்பியிருந்தது. கண்ணைப் பாதி திறந்து அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. வாசலில் மைதீன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைவர், பக்கத்துக் கட்டில்கள், நாளைக்கு முழு ஊர். வாயைத் திறந்தால் புருஷனுடைய மானம். திறக்காவிட்டால்?

"டாக்டர், அவரு நடக்கவும் இல்ல, ஒருசந்தி இருக்கவும் இல்ல."

"டீச்சர் பதட்டத்துல பேசறாங்க," என்றார் ஆண்டனி.

"பதட்டந்தான் தலைவரே. அதான் பொய் வரமாட்டேங்குது." அவள் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "ஷேர் ஆட்டோல போவாரு. இதோ ஆட்டோக்காரரே நிக்கறாரு, கேளுங்க. வூட்டுல மூணு வேளையும் தட்டு வெக்கறேன். எறங்கல. பசியே இல்லங்கறாரு, தின்னா வாந்தி. உப்பு மட்டும் அள்ளி அள்ளித் தின்றாரு. ரெண்டரை மாசத்துல பதினோரு கிலோ எறங்கியிருக்குது, நான் எழுதி வெச்சிருக்கேன். வெயில் படாத எடமெல்லாம் கறுப்பு. ஈற பாருங்க."

இக்னேஷியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். செத்தவனாக நடிப்பதில் அன்றைக்குத்தான் அவர் உண்மையில் தேறினார்.

டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்தாள். ரேகைகள் பேனாவால் வரைந்ததுபோல் கறுத்திருந்தன. அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள்ளாகவே ஓர் ஊசியும் போட்டார்கள்.

சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். "கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குதுக்கா. உடம்பு தாக்குப் பிடிக்கறதுக்கும் உப்பத் தக்க வெக்கறதுக்கும் வேண்டிய ஹார்மோன் அதுலேர்ந்துதான் வரணும். இவருக்கு அது படுத்துடுச்சு. அதான் பசியில்ல, எளைக்கறாரு, பிபி எறங்குது, உப்பு உப்புன்னு அலையறாரு."

"கறுப்பு எதுக்கு டாக்டர்?"

"கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல பாத்திருப்பீங்களே. கீழ ஒருத்தன் வேல செய்யலன்னா மேலேர்ந்து மெமோ மேல மெமோ வரும். அதே மாதிரி மூளைக்கு அடியில இருக்கற சுரப்பி, ஏன்டா சுரக்கலன்னு ஹார்மோனா அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த மெமோவப் படிக்க வேண்டியவன் படுத்துட்டான். தோலு வாங்கிப் படிச்சிட்டு, நம்மளத்தான் கறுக்கச் சொல்றாங்கன்னு கறுத்துடுச்சு. வெயில்ல போனாலும் தோலுக்கு அதே மாதிரிக் கட்டளைதான் போவும். இங்க வெயிலே இல்லாம போயிருக்கு. மாத்திரை ஒழுங்கா போட்டா பசி வரும், எடை ஏறும், கறுப்பும் மெல்ல மெல்ல எறங்கும். ஆனா ஒரு வேளை கூட விடக் கூடாது. வெறும் வயித்துலயும் போடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்கு டிரிப்போட அனுப்பியிருந்தா மறுபடி வந்திருக்க மாட்டாரு," என்றாள்.

செலின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. ஷேர் ஆட்டோ விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் மைக்கில் சொன்னவரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஆன்டோ சிலுவையேறுவது என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் இக்னேஷியஸுக்கு நாலு கிலோ ஏறியிருந்தது. நோயில் கறுத்தது என்று தெரிந்தபின் அந்தக் கறுப்புக்கும் பழைய மரியாதை இல்லை. "பழைய எடம் காலியாத்தான் இருக்குது," என்றார் ஆண்டனி தரையைப் பார்த்துக்கொண்டு. "தண்ணி ஊத்தறது."

இக்னேஷியஸ் இரண்டு நாள் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தார்.

பெரிய வெள்ளி. இயேசு இறந்த நாள் என்று ஊரில் அடுப்பு எரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேடைக்குப் பின்னால் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆன்டோவின் நெஞ்சில் ரோஸ் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள் ஜோஸ்பின். மாத்திரை நேரம். செலின் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதம், உப்பு மாங்காய்.

"இன்னா டீச்சர், பெரிய வெள்ளியும் அதுவுமா," என்றாள் ஜோஸ்பின்.

"டாக்டரு வெறும் வயித்துல கூடாதுன்னுட்டாங்க. வேணும்னா தலைவர மைக்ல சொல்லச் சொல்லு."

ரோமானியச் சேவகன் உடுப்பில் இக்னேஷியஸ் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலில் கூச்சத்தோடு, பிறகு வேகமாக. இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார். செலின் அவர் முன்னால் மறைத்தாற்போல் நின்றாள். அவர் கையையே பார்த்தாள். மாங்காய்ப் பக்கம் போகிறதா, போய் எத்தனை தரம் திரும்புகிறது என்று எண்ணினாள். ஒரு தடவைகூடப் போகவில்லை. அவளே மாங்காயை அவர் பக்கம் தள்ளினாள்.

"மாங்கா வெச்சிருக்கேனே. உப்பு பத்துதா?"

அவர் நிமிராமலே சொன்னார். "அதையேன் கேக்கற. சாதமே வாயில வெக்க முடியல, அவ்வளவு உப்பு. இன்னா, ஜாடியோட கொட்டிட்டியா?" பாக்ஸை நீட்டினார். "வெறும் தயிர் இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்து."