எண்ணெயில் மினுங்கிய வெள்ளி

ஊர்க்காவலன் வாடகைக்கு ஓட்டும் பழைய காருக்கு அடியில் தினமும் விடியற்காலையில் கறுப்பாக எண்ணெய் சொட்டிக் கிடந்தது. கார் ஒழுகவில்லை. அவன் மனைவி வள்ளித்தாய்தான் அதைச் சொட்ட வைத்துக்கொண்டிருந்தாள்.

குளியலறைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கழிவு எண்ணெய் இருந்தது. வேலிக் கம்புகளில் கரையான் ஏறாமல் தடவுவதற்காக அவனே வாங்கி வைத்தது. தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கும்போது அதில் நாலு விரலை முக்கிக்கொண்டு போய், காருக்கு அடியில் கையை நீட்டி, சொட்ட விட்டுவிட்டு வருவாள். கரண்டியில் மொண்டால் அடுப்படியில் வாசம் தங்கிவிடும் என்று யோசித்துத்தான் விரல்.

சிவகாசிக்கு மேற்கே இருக்கும் வெடிக் கம்பெனியில் அவள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். தீபாவளி சீசனுக்கு வாசலில் ஒரு கார் எந்நேரமும் நிற்க வேண்டும் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். தீ விபத்து என்றால் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஓட்டம் தனக்குத்தான் வேண்டும் என்று ஊர்க்காவலன் போர்மேன் சோலைச்சாமியிடம் போய் நின்றான். போர்மேன் ஒன்றுதான் சொன்னார்.

“கேட்டுக்குள்ள ஒரு சொட்டு ஆயில் விழப்படாது. ராத்திரி முழுக்க வண்டிய காகிதத்து மேல நிப்பாட்டு. சுத்தமான காகிதத்தக் கொண்டாந்து காட்டிட்டு உள்ள வா.”

அவன் அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை ஒரு கட்டு வாங்கி வந்தான். சாமி படம் இல்லாத தாளாக, வெறும் தேதி மட்டும் அச்சானதாகப் பொறுக்கி எடுத்துக் காருக்கு அடியில் விரித்தான்.

வீட்டில் வள்ளித்தாய் சிரித்தால் அவன் விடமாட்டான். பக்கத்து வீட்டுக்காரியோடு ஏதாவது சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே வந்தால், “என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லு” என்பான். சொல்லுவாள். “இதுல என்ன இருக்கு? திரும்பச் சொல்லு” என்பான். அந்தப் பேச்சில் உயிர் இருக்கிற மட்டும் சொல்ல வைப்பான். அவன் கைநீட்டுகிறவன் இல்லை. ஊரில் அவனை நல்லவன் என்றுதான் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

காலையில் கம்பெனி வேனில் ஏறிக் கதவு சாத்தியதும் அவளுக்கு ஒரு குரல் வரும். அது சாயங்காலம் வேன் தெருமுனையில் நிற்கிறவரை இருக்கும். அந்தக் குரல் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. கார் கம்பெனி வாசலில் வந்து நின்றால் அதுவும் போய்விடும்.

அவன் ஒழுகலைத் தேடினான். இஞ்சினை டீசல் ஊற்றித் துடைத்தான். வால்வு மூடிக்குப் புது பேக்கிங் போட்டான். எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். வள்ளித்தாய் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தாள்.

“ஏளா, நேராப் புடி. எங்கன இருந்து வருதுன்னு பாக்கணும்ல?”

“சரிங்க.”

காலையில் தாளில் மறுபடியும் கறுப்பு. அவன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே சோறு வடித்தபடி அவள் அவன் எழுந்திருக்கிற சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் செழியன் பைக்கில் வந்து இறங்கினான். தாளை எடுத்து வெயிலில் சாய்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

“அண்ணே, எண்ணெய்க்குள்ள வெள்ளி மினுங்குது பாத்தீகளா? பேரிங் தேயுது. இஞ்சினப் பிரிக்கணும் போல.”

வள்ளித்தாய்க்கு நெஞ்சு லேசானது. இஞ்சினைப் பிரித்தால் சீசன் முடிகிறவரை கார் நகராது. டீ போட உள்ளே போனாள்.

டம்ளர்களோடு அவள் வரும்போது செழியன் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதே தாளின் ஓரத்தில் தடவிக் கொண்டிருந்தான்.

“இதென்ன கூத்து! இஞ்சின்ல இருக்க எண்ணெயில ஒரு பொட்டு வெள்ளி இல்ல. கீழ கிடக்கதுல மட்டும் மினுங்குது. அண்ணே, ஒங்க காரு ஒழுகல. எவனோ புஸ்வாண மருந்தக் கலந்து ஊத்திட்டுப் போறான்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “மதினி, டீயக் கொண்டாங்க.”

வள்ளித்தாய் அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த டம்ளரைப் புருசனிடம் நீட்டினாள். அவள் நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் அலுமினியப் பவுடரின் வெள்ளி ஏறியிருந்தது. சோப்புப் போட்டால் அது போகாது, எண்ணெய் தொட்டுத் தேய்த்தால்தான் போகும். மருந்து அடைக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. சாயங்காலந்தோறும் அவளும் தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் கை கழுவுகிறாள். தேய்த்தாலும் ரேகைக்குள் மிச்சம் நிற்கும். டப்பாவுக்குள் விரலை விட்டபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஊர்க்காவலன் டம்ளரை வாங்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வாங்கிக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தான்.

“சரி செழியா. நான் பாத்துக்கிடுதேன்.”

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவன் தாளைக் கசக்கி எறிந்தான். காரில் ஏறி இஞ்சினை ஓட விட்டான்.

“காகிதம் வேணாம். நீ கீழ படு.”

“என்னங்க...”

“படுளா. ஒனக்குத்தான் இது நல்லாத் தெரியும். எங்கன இருந்து ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லு.”

அவள் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். மூக்குக்கு மேலே இஞ்சின் அதிர்ந்தது. புகைக்குழாயின் அனல் கன்னத்தில் அடித்தது. அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

“ஒழுகுதா?”

“இல்லங்க.”

“சத்தமாச் சொல்லு. தெருவுல நிக்கவுகளுக்கும் கேக்கட்டும்.”

“ஒழுகல!”

“நல்லாப் பாத்தியா? முன்னாடி?”

“ஒழுகல.”

“பின்னாடி?”

வெயில் சரிந்து கார் நிழல் சுவரில் ஏறுகிறவரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், குரலை உயர்த்தாமல். அவள் ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள். தெருவில் போன ஒருத்தி, “எம்புட்டு ஒத்தாசையா இருக்கா பாரு, புருசனுக்கு” என்று சொல்லிக்கொண்டு போனது கீழே கேட்டது.

மறுநாள் காலையில், ராத்திரி விரித்த புதுத் தாளில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அவன் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் கூடையோடு இறங்கினாள்.

“அங்கன எங்க போற? முன் சீட்டுல ஏறு.”

வாசலில் சோலைச்சாமி தாளை விரித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஊர்க்காவலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை. இவளுக்கு அப்பப்ப தலை சுத்துது. கேட்டுக்குப் பக்கத்து ரூம்ல போட்டீகன்னா நான் ஒரு கண்ணு வச்சுக்கிடுவேன்.”

“பொண்டாட்டி மேல எம்புட்டுப் பாசம்ய்யா ஒனக்கு” என்றார் போர்மேன். அன்றைக்கே அறை மாறியது. கதவில்லாத வாசலுக்கு நேர் எதிரே காரும், காருக்குள் அவன் முகமும் இருந்தன. வள்ளித்தாய் குனிந்து மருந்து அடைத்தாள்.

மத்தியானம் புங்கமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது செருப்புச் சத்தம் கேட்டது. ஊர்க்காவலன் தன் பாக்ஸோடு வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்கள். எல்லோரும் சட்டென்று அடங்கிப்போனது தாங்காமல், அவள் கூட்டாளி பாண்டிலட்சுமி வாயைத் திறந்தாள்.

“என்னண்ணே, ஒங்க வீட்டம்மா இன்னைக்கு இப்படி உம்முனு இருக்கா? இங்கன வந்தா அவ வாய மூடவே மாட்டா. வயித்து வலி வர வரைக்கும் எங்களச் சிரிக்க வச்சிருவா.”

“அப்படியா?” அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. “எனக்குத் தெரியாமப் போச்சே. பேசு வள்ளி. நானும் கேக்கேன்.”

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். பாண்டிலட்சுமி உற்சாகப்படுத்துகிற மாதிரி அவள் முழங்கையை இடித்தாள். கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வள்ளித்தாய் எதையோ தேடினாள். வாய் திறந்தது.

“குழம்பு ஊத்தவாங்க?” என்றாள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இது ஏதோ வேடிக்கையின் தொடக்கம் என்று நினைத்துவிட்டாள் போல.

“திரும்பச் சொல்லு” என்றான் ஊர்க்காவலன்.