கேப்டனுக்குச் சொல்லாத கொலை

வெர்னான் கஸ்லருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைத்ததே அறுபது தாண்டித்தான். அதுவரை ஹாலிவுட்டில் அவர் பார் சிப்பந்தியாக வந்தார், பாதிரியாராக வந்தார், முதல் காட்சியிலேயே செத்துப்போகும் அடகுக்கடைக்காரராக வந்தார். ‘ராஃப்டன்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் பழம் தின்று கொட்டை போட்ட போலீஸ் துப்பறிவாளர் ராஃப்டனாக நடிக்க அழைத்தபோது, மனிதர் ரிசீவரைக் கீழே வைக்க மறந்து சமையலறையில் ஆடினார். இது பத்தாவது வாரம். கொடுத்த சாமி அதற்குள் பிடுங்க வந்துவிட்டது.

காலையில் மேக்கப் நாற்காலியில் இருந்தவரிடம் லோரெய்ன் ஓடி வந்தாள். தொடரை எழுதுகிறவளும் தயாரிக்கிறவளும் அவள்தான்.

“வெர்ன், தொடரை ஊத்தி மூடிட்டாங்க. மதியம் சேனல்லேருந்து ஸ்பால்டிங் வந்து சொல்லப்போறான். சொன்னப்புறம் ஒரு அடி பிலிம் ஓட்ட முடியாது. செட்டைப் பிரிக்க ஆளுங்களே வந்தாச்சு.”

“அப்போ ஜோயியைச் சுட்டது யாரு?”

வேலை போனதைப் பற்றி அவர் கேட்கவில்லை. முதல் வாரத்தில் ராஃப்டனின் கூட்டாளி ஜோயி செத்தான். அன்றிலிருந்து ராஃப்டன் கொலைகாரனைத் தேடுகிறார். தூரத்து ஐயோவா மாநிலத்தில் இருக்கும் பெண்மணிகள் வரை கூடவே தேடி, வாராவாரம் கடிதம் எழுதுகிறார்கள். ஆள் அகப்படாமலே ராஃப்டன் மறைந்துபோவதா?

லோரெய்ன் நாலு தாளை அவர் மடியில் போட்டாள். “சுட்டது கேப்டன் மெர்சர். போலீஸ் கேப்டன் கொலைகாரனா இருக்கக்கூடாதுன்னு சேனல்ல ஒரே அடம். அதான் இவ்வளவு நாளா எடுக்கல. வியாழக்கிழமை ஒளிபரப்பாகுற எபிசோடுக்குக் கடைசி சீன் பாக்கி இருக்கு. அதுல வச்சிடலாம்.”

மெர்சராக நடிப்பவன் டட்லி ப்ரைன், வெர்னானின் பழைய நண்பன். “டட்லிக்குத் தெரியுமா?”

“அவன் வாய்க்குப் பூட்டு ஏது? சொன்னா காபி ஆறுறதுக்குள்ள ஸ்பால்டிங்குக்குப் போயிடும். உங்களுக்கு ரிட்டையர்மென்ட் பத்திரம் குடுக்குற சீன்னு சொல்லி வச்சிருக்கேன். பாதியில நீங்க இதை அவுத்து விடுங்க. அவனை ஒத்துக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம்.”

“அம்மா தாயே, நான் நடிகன். போலீஸ் இல்ல.”

“பத்து வாரமா போலீஸ்தான்.”

ஸ்பால்டிங் மதியம்வரைகூடப் பொறுக்கவில்லை. விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவன் கார் வாசலுக்குள் நுழைந்துவிட்டதாகச் சேதி வந்தது. லோரெய்ன் மணியை அடிக்கச் சொன்னாள். கேமரா ஓடும்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் முதலாளியானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். எந்த ஸ்டுடியோவிலும் அதை மீறியவன் கிடையாது. ஆனால் கேமராவில் இருந்த பிலிம் பத்து நிமிடம்தான் ஓடும்.

கேப்டன் அறை. டட்லி பத்திரத்தை நீட்டினான். வெர்னான் வாங்கவில்லை.

“ஜோயியை ஏன் சுட்டீங்க, கேப்டன்?”

டட்லி இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் தன் செருப்பைப் பார்த்தார். ‘கட்’ என்ற சொல் வராமல் நடிப்பை நிறுத்துவது டட்லியின் அகராதியில் பெரும்பாவம். சமாளித்துக்கொண்டான். “என்ன ராஃப்டன், கடைசி நாள்னு காலையிலயே ஊத்திக்கிட்டியா?”

விளக்குக்காரர்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். லோரெய்ன் எழுதிக்கொடுத்த ஆதாரங்களை வெர்னான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஜோயியைச் சுட்ட துப்பாக்கி கேப்டனுடையது என்றார். அது திருடு போய்விட்டது, புகாரே கொடுத்திருக்கிறேன் என்றான் டட்லி. பார்த்த சாட்சி உண்டு என்றார். அந்த ஆளுக்குப் பார்வை சரியில்லை என்றான். அவன் வாயிலிருந்து வந்த அத்தனையும் அந்த நிமிடத்தில் பிறந்த பொய், அத்தனையும் பொருந்தியது. வெர்னானிடம் வசனம் தீர்ந்துபோயிற்று. கேமரா உதவியாளன் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டே நிமிடம்.

இவன் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறான்? நண்பனின் நெற்றி வியர்வையைப் பார்த்ததும் வெர்னானுக்குப் பளிச்சென்று புரிந்தது. டட்லிக்கு அடுத்த வாரமும் வேலை இருக்கிறது என்று நினைப்பு. கொலைகாரக் கேப்டனுக்கு அடுத்த வாரம் ஏது? பாவம், பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்கிறான்.

அவர் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கேப்டன், அடுத்த வாரம்னு ஒண்ணு கிடையாது. எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான். வெளியில கார் வந்து நிக்குது. கதவு திறந்ததும் சொல்லிடுவாங்க.”

டட்லி கதவைப் பார்த்தான். விளக்குகளுக்குப் பின்னால் நின்ற லோரெய்னைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

பத்திரத்தை மேஜைமேல் வைத்தான். “நான் காசு வாங்கினதை ஜோயி பார்த்துட்டான்,” என்றான் மெதுவாக. “பார்த்துட்டு யார்கிட்டயும் சொல்லல. தினமும் குட்மார்னிங் சொல்லுவான், முன்ன மாதிரியே. அந்த மரியாதைதான் தாங்கல, ராஃப்டன்.”

தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. லோரெய்ன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிலிம் தீர்ந்து கேமரா படபடத்தது. “கட்.”

சிவப்பு விளக்கு அணைந்ததும் ஸ்பால்டிங் உள்ளே பாய்ந்து, தொடர் முடிந்தது, இனி ஒரு அடி பிலிம் ஓடக்கூடாது, இடத்தைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு போட்டான். ஒருவரும் அசரவில்லை.

“இப்ப என்னத்தை எடுத்தீங்க?”

“வியாழக்கிழமை கடைசி சீன். கொன்னது கேப்டன்,” என்றாள் லோரெய்ன்.

“நான் வேண்டாம்னு சொன்னேன்ல? மாத்தி எடுங்க.”

“ஒரு அடி பிலிம் கூடாதுன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?”

அதற்குள் செட் ஆட்கள் சுத்தியலோடு புகுந்து, கேப்டன் அறைச் சுவரைச் சாய்த்தார்கள். அவன் போட்ட உத்தரவுதான். வியாழக்கிழமை ஒளிபரப்ப இருக்கிற முடிவு இனி இது ஒன்றுதான். ஸ்பால்டிங் விழுந்த சுவரையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

டட்லி இன்னும் எழுந்திருக்கவில்லை. “பாவி மனுஷா, நிஜமாவே ஒத்துக்க வச்சிட்டியே,” என்று இரண்டு கையையும் நீட்டினான். “பிலிம்தான் தீந்துச்சு. கைது பண்ணாம போயிடுவியா?”

வெர்னான் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். சந்தோஷமாக அவன் மணிக்கட்டில் மாட்டினார். பூட்டு விழும் வரை செட் ஆட்கள்கூடச் சுத்தியலை நிறுத்தி நின்றார்கள்.